மயில்கொன்றை நின்ற இடம்

மூன்று நாள் விடாமல் பெய்த மழையோடு நான்காம் நாள் விடியற்காலையில் காற்றும் சேர்ந்துகொண்டது. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஈரத்துணியை ஓங்கி உதறியதுபோல் ஓர் ஓசை, அவ்வளவுதான். விடிந்ததும் கதவைத் திறந்தால் தோட்டத்தின் மேற்குப் பக்கம் முழுக்க வானமாக இருந்தது. மயில்கொன்றை வேரோடு சாய்ந்து, காம்பவுண்டு சுவரை ஒட்டி நீளவாக்கில், எதையும் உடைக்காமல் படுத்திருந்தது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. முப்பது வருடம் எங்களோடு இருந்த மரம் போகும்போதும் மரியாதையாகத்தான் போயிருக்கிறது.

காற்றைத்தான் முதலில் திட்டினேன். பிறகு வெளியே பிடுங்கிக்கொண்டு வந்திருந்த வேர்த்தட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். வடக்குப் பக்கம் வேர்கள் பிய்ந்து, நார் நாராகப் புதிய வெள்ளையில் இருந்தன. தெற்குப் பக்கத்தில் பிய்ந்த வேர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே நேர்கோட்டில் வெட்டுப்பட்டு, முனை கறுத்து மக்கியிருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பக்கம் கழிவுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியது நான்தான். அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித் தோண்டியதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன்.

மரம் வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அடிமரத்தின் விட்டத்தைப் போல் 12 மடங்கு தூரத்துக்குள் வேரை வெட்டாமலிருப்பது நல்லது. எங்கள் மரத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர். அப்படியானால் 5.4 மீட்டர் விட்டிருக்க வேண்டும். மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது, மேலே வெட்டினால் பாதகமில்லை என்பது நம்மில் பலருக்கும் உள்ள நினைப்பு. நிஜத்தில் பெரும்பாலான வேர்கள் மேலிருந்து 60 சென்டிமீட்டருக்குள்ளேயே, கிளை பரவிய அளவையும் தாண்டிப் படர்ந்திருக்கும். மயில்கொன்றையின் வேர் இன்னும் மேலாகவே ஓடும். ஆக, அந்த இடைவெளியை உண்டாக்கியவனே அதை நிரப்பவும் கிளம்பினேன்.

மரம் விழுந்த செய்தி பரவியதும் ஆலோசனைகள் வர ஆரம்பித்தன. எதிர்வீட்டுப் பெரியவர், "வேம்பு வைங்க தம்பி, கண்ணை மூடிக்கிட்டு வைங்க" என்றார். நண்பன் ஒருவன் நெட்டிலிங்கம் நாலு வாங்கி வரிசையாக வைத்தால் ஒரு வருடத்தில் மறைத்துவிடும் என்றான். இன்னொருவர் சரக்கொன்றைப் படம் ஒன்றைச் செல்போனில் அனுப்பி, கீழே எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். எழுதத் தேவையும் இல்லை, அந்த மஞ்சளே பேசும். ஒவ்வொருவரும் எங்கள் தோட்டத்து இடைவெளியில் தங்களுக்குப் பிடித்த மரத்தை நட்டுக்கொண்டிருந்தார்கள். என் கதையும் அதேதான். இரண்டாம் வாரமே நர்சரிக்குப் போய், என்னைவிட உயரமான மயில்கொன்றைக் கன்று ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். போன மரத்தையே திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்ற ஆசை.

கையைப் பிடித்து நிறுத்தியது அக்கா. "என்ன மரம்னு அப்புறம் பாக்கலாம்டா. எங்க உக்காந்து பாக்கப்போற, அத மொதல்ல சொல்லு."

கேட்டால் சாதாரணக் கேள்வி. ஆனால் வீட்டுக்குத் திரும்பி என் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் இடைவெளி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எது என்று யோசித்தேன். மரம் நின்ற குழி ஜன்னலிலிருந்து எட்டு மீட்டர். நாற்காலி ஜன்னலுக்கு இரண்டு மீட்டர் உள்ளே. என் கண்ணை உறுத்தியது குழி இல்லை. அதற்கும் அப்பால், நாற்காலியிலிருந்து பதினான்கு மீட்டரில் தெரிந்த பக்கத்து வீட்டு வெளிப்படிக்கட்டு. மரம் இருந்தவரை அப்படியொரு படிக்கட்டு இருப்பதே எங்களுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, உச்சியில் ஒரு பழைய சிவப்புத் துணியைச் சுற்றினேன். நான் தோட்டத்தில் கம்பைத் தூக்கிப் பிடித்து நிற்க, அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். "இன்னும் முன்னாடி வா. வலப்பக்கம். ரொம்பப் போயிட்ட, திரும்பு." பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அரை மணி நேரத்தில் தெரியவந்தது இதுதான்: கம்பு ஜன்னலை நெருங்க நெருங்க, அதற்குப் பின்னால் மறைகிற அகலம் கூடிக்கொண்டே போகிறது. படிக்கட்டில் எனக்கு மறைய வேண்டிய பகுதி நான்கு மீட்டர் அகலம். கண்ணிலிருந்து ஏழு மீட்டரில், அதாவது பாதி தூரத்தில் மரம் நின்றால், பாதி அகலம் போதும். இரண்டு மீட்டர் கிளைவிரிவு. பழைய குழியிலேயே நட்டால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் விரிய வேண்டும், அதற்கு இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டும். பொத்தானைக் கண்ணருகே பிடித்தால் நிலாவே மறையும் என்று சின்ன வயதில் விளையாடிய விளையாட்டுதான் இது. குழியைப் பார்த்தால் அதை நிரப்பத்தான் கை போகிறது. ஆனால் இடைவெளி அந்தக் குழியில் இல்லை.

அடுத்தது வெயில். மேற்கு ஜன்னல் என்பதால் மதியத்துக்கு மேல் அறை கொதித்தது. இங்கேதான் நான் கொஞ்சம் அதிகமாகவே கணக்குப் போட்டேன் என்று வீட்டில் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். சூரியன் உச்சியில் நேராக வரும் நாட்களில், நண்பகலுக்குப் பிறகு மணிக்குச் சுமார் 15 டிகிரி வீதம் இறங்கும். மூன்று மணிக்கு 45 டிகிரி, நான்கு மணிக்கு 30, ஐந்து மணிக்கு 15. கடிகாரத்துக்கும் சூரியனின் உச்சிக்கும் சிறிது வித்தியாசம் இருக்கும்; மரம் நடுவதற்கு அது பரவாயில்லை. 45 டிகிரியில் எதன் நிழலும் அதன் உயரமே நீளும். 30 டிகிரியில் உயரத்தைப் போல் 1.7 மடங்கு.

என் ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து இரண்டு மீட்டர், கீழ்விளிம்பு ஒரு மீட்டர். மரம் ஜன்னலிலிருந்து ஐந்து மீட்டரில் நின்றால், மூன்று மணி வெயிலை மேல்விளிம்பில் படாமல் தடுக்க ஏழு மீட்டர் உயரத்தில் இலை வேண்டும். நான்கு மணி வெயிலுக்கு ஏறக்குறைய ஐந்து. ஐந்து மணி வெயில் கீழ்விளிம்பைத் தொடாமலிருக்க 2.3 மீட்டர் உயரத்திலும் இலை வேண்டும். ஆக எனக்குத் தேவை தரையிலிருந்து இரண்டேகால் மீட்டரில் தொடங்கி ஏழு மீட்டர் வரை அடர்த்தியான இலை. அதற்கு மேல் மரம் எவ்வளவு வளர்ந்தாலும் அது அதன் சொந்த விருப்பம், என் ஜன்னலுக்கு உபயோகமில்லை.

இந்தக் கணக்கு முடிந்ததும் மயில்கொன்றை மேல் எனக்கிருந்த பக்தி கொஞ்சம் குறைந்தது. அதன் முதல் கிளையே நாலு மீட்டர் உயரத்தில்தான் தொடங்கியது. குடை மாதிரி விரிந்து மத்தியானத்தில் தோட்டத்துக்குப் பிரமாதமாக நிழல் தரும். சாயங்கால வெயிலோ குடைக்கு அடியில் புகுந்து நேரே அறைக்குள் வரும். வறண்ட காலத்தில் இலையையும் கொட்டிவிட்டு நிற்கும். முப்பது வருடம் அந்த ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டே, மரம் நிழல் தருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதற்கிடையில் வேறொன்றும் நடந்தது. மரம் போன மூன்றாம் மாதம், அதுவரை கொம்பும் இலையுமாக நின்ற செம்பருத்தி பூக்கத் தொடங்கியது. பாசி பிடித்திருந்த நடைபாதை காய்ந்தது. அம்மா காலையில் அங்கே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். படிக்கட்டின் இடது மூலையில் பக்கத்து வீட்டு அம்மா துணி உலர்த்த வருவார். இருவரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொள்வார்கள். முப்பது வருடத்தில் இல்லாத பழக்கம். "மறைக்கிறது மறை. அந்த மூலைய மட்டும் விட்டுடு" என்றாள் அம்மா. மரம் வைக்கிறவன் வெளிச்சத்தில் எவ்வளவை மிச்சம் வைப்பது என்று யோசிக்க வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அதனால் நடும் இடம் இப்படி அமைந்தது: பழைய குழியிலிருந்து கிழக்கே மூன்று மீட்டர், வடக்கே இரண்டு மீட்டர். வடக்கே தள்ளியதால் அம்மாவின் மூலை தப்பியது. குழாயிலிருந்தும் மூன்றரை மீட்டர் கிடைத்தது.

பழைய குழியைத் தவிர்க்க இன்னொரு காரணம் அந்த மழைக்காலத்திலேயே முளைத்தது. நாங்கள் தோண்டி எடுக்க முடியாமல் விட்ட தூரில், செம்பழுப்பு நிறத்தில் வார்னிஷ் அடித்ததுபோல் பளபளக்கும் காளான் தட்டுகள் வந்தன. கனோடெர்மா என்று சொல்வார்கள். மயில்கொன்றைக்கு அடிக்கடி வருகிற வேர் அழுகல் இதுதான். வேரோடு வேர் தொட்டு அடுத்த மரத்துக்கும் போகக்கூடியது. நான் வெட்டிய வேர்முனைகள் அதற்கு வாசலாக இருந்திருக்கலாம். காளான் இல்லாவிட்டாலும் பழைய தூரின் மேலேயே நடுவது சரியில்லை. மரக்கட்டையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பல நூறு பங்கு கரிமம் இருக்கிறது. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத நைட்ரஜனைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். கன்று வெளிறி நிற்கும். கட்டை மக்க மக்க மண்ணும் உள்வாங்கி, நட்டது சாய்ந்துபோகும்.

இப்போது மரம். இத்தனை அளவுகளும் கையில் இருந்ததால் தேர்வு சுலபமாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை. வேம்பை வேண்டாம் என்று சொல்ல மனம் வலித்தது. ஆனால் 15, 20 மீட்டர் உயரமும் ஏறக்குறைய அதே அளவு விரிவும் உள்ள மரத்தை வீட்டிலிருந்து ஐந்து மீட்டரில் வைத்துவிட்டு வருடா வருடம் வெட்டிக்கொண்டே இருப்பது அதற்கும் எனக்கும் தண்டனை. நெட்டிலிங்கம் ஒல்லியாக நிற்கும், பச்சையும் மாறாது. சந்துக்குச் சரியான மரம். ஆனால் ஒன்று வைத்தால் ஒரு கோடு, நாலு வைத்தால் வேலி. எனக்கு வேலி வேண்டாம். மரமல்லியின் வாசனைக்காக ஒரு நாள் முழுக்க மனம் அலைந்தது. கிளை பட்டென முறியும், வேரிலிருந்து குட்டி குட்டியாகக் கிளம்பும் என்பதை நினைத்து விட்டேன். ஒரு மரம் விழுந்த வீட்டில் முறியும் மரத்தைப் பற்றி யாரிடமும் பேச முடியவில்லை.

சரக்கொன்றையிடம்தான் நெடுநேரம் நின்றேன். இலைகளை உதிர்த்துவிட்டு வெறுங்கிளையில் சரம் சரமாகப் பூக்கும் அழகுக்கு ஈடில்லை. சிக்கலும் அங்கேதான். வெயில் உச்சத்தில் இருக்கும்போது, எனக்கு இலை வேண்டிய அதே வாரங்களில், அது இலையில்லாமல் நிற்கும். வெப்பம் மிகுந்த நிலங்களில் மரம் தேர்ந்தெடுப்பவர்கள் தவறவிடுகிற விஷயம் இது. குளிர்நாடுகளில் இலையுதிர் மரத்தை ஜன்னல் பக்கம் வைப்பது புத்திசாலித்தனம்: கோடையில் நிழல், குளிரில் வெயில். வறட்சியில் இலையுதிர்க்கும் மரம் இதற்கு நேர்மாறாகக் கணக்கு வைத்திருக்கிறது. நமக்கு நிழல் தேவைப்படும்போது அது இலையை உதிர்த்துத் தண்ணீரைச் சிக்கனம் செய்கிறது.

புங்கன் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். கோடை தொடக்கத்தில் உதிர்த்த கையோடு கண்ணைக் கூசவைக்கும் இளம்பச்சையில் துளிர்த்துவிடும். கடைசிச் சுற்றுவரை அது இருந்தது. ஆனால் அகலமாகப் படர்ந்து அம்மாவின் மூலையையும் சேர்த்து அடைத்துவிடும் சுபாவம் அதற்கு. வேரிலிருந்து கிளைப்பதும் உண்டு. பெரிய இடம் இருப்பவர்கள் யோசிக்காமல் வைக்கலாம்.

மிஞ்சியது மகிழம். எப்போதும் பசுமை, கரும்பச்சை இலை, ஓரத்தில் லேசான அலை. கீழிருந்தே கிளைவிட்டு உருண்டையாக அடரும். வெட்டுக்கு அடங்கும். சப்போட்டாவின் குடும்பம், கிள்ளினால் பால் வரும். சக்கரம் போன்ற சின்னஞ்சிறு பூ காய்ந்த பிறகும் மணக்கும். காலப்போக்கில் 15 மீட்டர் வரை போகக்கூடிய மரம்தான், ஐந்து மீட்டர் தூரம் அதற்குக் கொஞ்சம் நெருக்கம் என்பதும் தெரியும். ஆனால் அந்த உயரத்துக்குப் போக அதற்கு அவசரமே இல்லை.

அவசரமே இல்லை என்பதுதான் அதன் குறையும். ஏழு மீட்டர் என்பது எத்தனை வருடம்? அக்காவிடம் சொன்னபோது சிரித்தாள். "நீ ரிட்டயர் ஆகறப்ப நிழல் வரும்."

அப்போதுதான் இந்த இடைவெளிக்கு நீளம், அகலம் தவிர வருடம் என்றும் ஓர் அளவு இருப்பது புரிந்தது. ஒரே மரம் நாளைக்கும் மறைக்க வேண்டும், இருபது வருடம் கழித்தும் அடக்கமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேகமாக வளர்வதில் அநேகம் மென்மரமாக, முறிவதாக, சீக்கிரம் முடிவதாக இருக்கும். நின்று நிலைப்பது மெதுவாகத்தான் வரும். ஒரே மரத்திடம் இரண்டையும் எதிர்பார்ப்பதற்குப் பதிலாக, இரண்டு மரத்திடம் ஒவ்வொன்றாகக் கேட்டால் என்ன?

வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏறுவதற்கு அகத்தியைத்தான் வளர்ப்பார்கள். விதை போட்ட வேகத்தில் எழும்பி, கொடிக்குக் கொம்பாகவும் மெல்லிய நிழலாகவும் நிற்கும். ஆயுள் கொஞ்சம். வேரில் முடிச்சு வைத்துக் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். பயறுக் குடும்பத்தில் பிறந்ததெல்லாம் இந்த வேலையைச் செய்துவிடாது. சரக்கொன்றை அதே குடும்பம்தான், முடிச்சு வைப்பதில்லை. பழைய வேர்கள் மக்கிக்கொண்டிருக்கும் மண்ணுக்கு அகத்தியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. மகிழங்கன்றும் சின்ன வயதில் அரைநிழலைப் பொறுத்துக்கொள்ளும்.

நர்சரியில் மகிழங்கன்று இரண்டு அளவில் இருந்தது. ஒன்று என் உயரத்துக்கு மேல், ஆனால் கால்பந்து அளவு பையில். இன்னொன்று முழங்காலுக்குச் சற்று மேல், அடித்தண்டு மட்டும் விரல் தடிமன். "பெரிசா வாங்குங்க சார், ரெண்டு வருஷம் மிச்சம்" என்றார் கடைக்காரர். பையின் அடியைப் பார்த்தேன். வேர் வெளியே வந்து, திரும்பி, பையையே சுற்றிக்கொண்டிருந்தது. அப்படிச் சுருண்ட வேர் தரைக்குப் போனபிறகும் சுருண்டே தடிக்கும், பல வருடம் கழித்துத் தன் தண்டையே நெரிக்கும். இலைக்கு ஈடான வேர் இல்லாத பெரிய கன்று முதல் இரண்டு வருடம் வேரைத் தேடுவதிலேயே கழிக்கும். சிறியதை எடுத்துக்கொண்டேன். அதிலும் ஒரு வேர் வளைந்துதான் இருந்தது, நடும்போது வெட்டிவிட்டேன்.

குழி விஷயத்தில் எதிர்வீட்டுப் பெரியவரோடு ஒரு சின்ன வாக்குவாதம். மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி, நிறைய எரு என்பது அவர் பாடம். நான் மண்ணுருண்டையின் உயரம் மட்டும் ஆழமும், அதைப் போல் மூன்று மடங்கு அகலமுமாக எடுத்தேன். ஆழமாகத் தோண்டி நிரப்பிய மண் நாளாக நாளாக அமுங்கும். கன்றும் கூடவே இறங்கி, கழுத்து மண்ணுக்குள் போய் அழுகும். வேர் தண்டைவிட்டுப் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதல் நாள் குழியில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் வடிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டேன். விழுந்த மயில்கொன்றையின் இலையையும் சிறு குச்சிகளையும் நறுக்கி எட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு, தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. மூடாக்கை மேலேதான் போட வேண்டும். மண்ணோடு கலந்தால் தூர் செய்த அதே நைட்ரஜன் திருட்டைச் செய்யும். பெரியவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

முட்டுக்குச்சி இரண்டு, தாழ்வாக, தண்டு அசையும்படி தளர்வாகக் கட்டினேன். காற்றில் ஆடும் தண்டுதான் அடியில் தடிக்கும். சரியாக ஒரு வருடத்தில் அவிழ்த்தேன். நிற்குமா என்று அன்றிரவு எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்ததை இங்கே மட்டும் சொல்கிறேன்.

அகத்தி விதையை மகிழத்துக்கு மேற்கே இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டிருந்தேன். எட்டு மாதத்தில் இரண்டு ஆள் உயரம். காற்றுக்கு முறிந்துவிடாமலிருக்க அவ்வப்போது தலையைக் கிள்ளிவிடுகிறேன். பூ வெள்ளைப் பிறை மாதிரி வந்து உதிர்கிறது. படிக்கட்டு முழுதாக மறையவில்லை, ஆனால் துண்டு துண்டாகத் தெரிகிறது. துண்டு துண்டாகத் தெரியும் படிக்கட்டு கண்ணை உறுத்தவில்லை என்பது எதிர்பாராதது. மகிழம் தலைக்கு மேல் போனதும் அகத்தியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட வேண்டும். வேரும் முடிச்சுகளும் அங்கேயே மக்கட்டும், மகிழத்தின் வேரும் கலையாமலிருக்கும்.

இது மூன்றாம் வருடம். மகிழம் என் மார்பு உயரம். போன வாரம் அக்கா வந்திருந்தாள். நான்கு மணிக்கு அதன் நிழல் எதுவரை வருகிறது என்று பார்க்கக் கூட்டிப்போனேன். கணக்குப்படி இரண்டரை மீட்டர் வர வேண்டும். ஜன்னலுக்குப் பாதி வழி. டேப்பை வைத்து அளந்தோம், சரியாகத்தான் இருந்தது. "பாதி வந்தாச்சே" என்றாள். அம்மா மூலையிலிருந்து திரும்பிப் பார்த்து, "அங்க ஏன் வெயில்ல நிக்கறீங்க?" என்றாள். நாற்காலியைத் தூக்கி வந்து அகத்தி நிழலில் போட்டோம்.